காலையில் கிண்டியது மாலையில் தீர வேண்டும்

கேள்வி:

ஐயா, வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மிட்டாய் கடை நடத்துகிறது. ஊர்ப்பக்கம் லாலா கடை என்றுதான் சொல்வார்கள். தாத்தா தொடங்கியது, இப்போது அப்பாவோடு நானும் அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம். போன வருடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். அங்கே கால் கிலோ மைசூர்பா பாக்கெட் 75 ரூபாய். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடிக்கடி ஆஃபர் வேறு. எங்கள் நெய் மைசூர்பா கிலோ 680. தீபாவளி தவிர்த்த மாதங்களில் வியாபாரம் நன்றாகவே இறங்கிவிட்டது. எங்கள் சரக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, அவர்கள் பாக்கெட் மூன்று மாதம் தாங்குகிறது, இதுதான் எங்கள் பெரிய குறை. தாத்தா காலத்தில் கருப்பட்டி மிட்டாய்க்கு ஊரே வரும். மறுநாள் நிற்காது என்பதால் அதை நிறுத்தியே பல வருடம் ஆகிறது. பாக்கெட் போடும் மெஷின் வாங்கி, கெடாமல் இருக்க மருந்து சேர்த்து, நாமும் சூப்பர் மார்க்கெட்டுக்கே சப்ளை பண்ணலாம் என்கிறார் அண்ணன். நெய்யில் கொஞ்சம் வனஸ்பதி கலந்து விலையைக் குறைக்கலாம் என்று ஒரு தெரிந்தவர் சொல்கிறார். அப்பா எதையும் மாற்றக் கூடாது என்கிறார். எங்கள் மாஸ்டருக்கு 62 வயது. இதற்கிடையில் செல்போன் கடைக்காரர் ஒருவர் கட்டடத்தை நல்ல வாடகைக்குக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான் மறுபடி மறுபடி படித்தேன். சரக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, இதுதான் எங்கள் பெரிய குறை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறை என்று நினைப்பதுதான் உங்கள் கடையின் மூலதனம். சூப்பர் மார்க்கெட் எந்தக் காலத்திலும் உங்களிடமிருந்து பறிக்க முடியாத ஒன்று அது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறு உணவுக் கடைகளுக்குக் கணக்கும் ஆலோசனையும் பார்க்க வருவதற்கு முன் பதினொரு வருடம் நான் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஒரு லட்டு பாக்கெட் ஃபேக்டரியிலிருந்து கிளம்பி டிஸ்ட்ரிபியூட்டர் குடோனுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் குடோனுக்கு வந்து, பிறகு லாரி ஏறி ஒவ்வொரு கிளைக்கும் போய், ஷெல்ஃபில் ஏறும். குடோன் வாசலில் சரக்கு இறக்குகிற பையன் முதலில் செய்வது பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்ப்பதுதான். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே கழிந்திருந்தால் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவான். அவனுக்கு இட்ட உத்தரவு அது. ஆகவே இரண்டு மூன்று மாதம் தாங்காத எந்த இனிப்பும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாது. அதனால் அவர்கள் பண்டத்தைச் செய்துவிட்டு ஆயுளைக் கணக்குப் போடுவதில்லை. ஆயுளை முடிவு செய்துவிட்டு அதற்கேற்றபடி பண்டத்தைச் செய்கிறார்கள். ஈரத்தை இறக்க வேண்டும், சர்க்கரையை ஏற்ற வேண்டும், நெய் இருந்த இடத்தில் மலிவான, சீக்கிரம் வாடை வராத எண்ணெயை வைக்க வேண்டும். இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. நூறு கிளைக்கு ஒரே சரக்கை அனுப்புகிற தொழில் அப்படித்தான் நடக்க முடியும். சில பெரிய கடைகளில் வாசலிலேயே ஸ்வீட் கவுன்டர் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் பெரும்பாலும் சரக்கு வருவது வேறு ஊரில் இருக்கிற ஒரு பொதுச் சமையலறையிலிருந்துதான்.

இன்று காலை கிண்டியதை இன்று மாலை விற்கிற வேலையை அந்த அமைப்பால் செய்ய முடியாது. உங்களால் முடியும். உங்கள் அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவே இருக்கும் தூரம் இருபது அடி. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

முதலில் விலை. ஒரு காகிதத்தை எடுத்து என்னோடு கணக்குப் போடுங்கள். கடலை மாவு ஒரு கிலோ, சீனி இரண்டு கிலோ, நெய் இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாவு 100, சீனி கிலோ 45 வீதம் 90, டின் நெய் கிலோ 620 வீதம் 1,240. மொத்தம் 1,430 ரூபாய். உங்கள் கொள்முதல் விலை முன்னே பின்னே இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். தட்டில் இறங்குவது நாலேமுக்கால் கிலோ. ஆக ஒரு கிலோவுக்குச் சரக்குச் செலவு மட்டும் 300 ரூபாய் சொச்சம். அதில் நெய்க்காசு மட்டுமே 260.

இப்போது அந்த 75 ரூபாய் பாக்கெட்டுக்கு வாருங்கள். கிலோ கணக்கில் அது 300. அதிலிருந்து வரி போக, சூப்பர் மார்க்கெட் லாபம் போக, டிஸ்ட்ரிபியூட்டர் கமிஷன் போக, செய்தவர் கைக்குச் சேர்வது 200 ரூபாய் அளவில்தான் இருக்கும். அந்த 200-க்குள் மாவு, சீனி, கேஸ், கூலி, பாக்கெட், லாரி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். 260 ரூபாய் நெய் அதற்குள் எங்கே போகும்? நாளைக்கே அந்தப் பாக்கெட் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் சர்க்கரை, அடுத்துத் தாவர எண்ணெய் அல்லது பாமாயில் என்று இருக்கும். நெய் என்ற சொல் இருந்தால் கடைசிப் பக்கம் தேடுங்கள். உங்கள் மைசூர்பாவும் அதுவும் பேரில் மட்டும்தான் ஒன்று. அதோடு விலையில் மோத உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 300 ரூபாய் சரக்கோடு கேஸ், கூலி, கரண்ட், அட்டைப்பெட்டி எல்லாம் கிலோவுக்கு 150 என்று வையுங்கள். 450 ஆயிற்று. பத்துக் கிலோ போட்டு ஒரு கிலோ மீந்துவிட்டால் அந்த ஒரு கிலோவின் செலவையும் விற்ற ஒன்பது கிலோதான் சுமக்க வேண்டும். அப்போது அடக்கம் 500. வரியைத் தனியே வைத்தால் 680-க்கு விற்கையில் கையில் நிற்பது 180. நீங்கள் பயந்துபோய் நூறு ரூபாய் குறைத்து 580 ஆக்கினால் நிற்பது 80. இன்றைக்கு வருகிற அதே பணம் வர இரண்டேகால் மடங்கு சரக்கு ஓட வேண்டும். உங்கள் ஊரில் அது ஓடாது. ஆனால் மீதியைப் பத்துக்கு ஒன்று என்பதிலிருந்து நூற்றுக்கு மூன்று என்று இறக்கிப் பாருங்கள். அடக்கம் 465-க்கு வந்துவிடும். விலையில் கை வைக்காமலேயே கிலோவுக்கு 35 ரூபாய். உங்கள் பணம் போவது சூப்பர் மார்க்கெட்டுக்கு மட்டும் இல்லை, இரவு கடை கட்டும்போது தட்டில் மீந்து கிடப்பதிலும் போகிறது.

நெய் பில்லையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நெய் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நீங்கள் காம்போசிஷன் முறையில், அதாவது சிறு வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற முறையில், வரி கட்டுகிறவர் என்றால் கொள்முதலில் கட்டுகிற வரி உங்களுக்குத் திரும்ப வராது. அதனால் அந்த 7 சதவீதம் முழுதும் உங்கள் அடக்க விலையில் இறங்கியிருக்க வேண்டும். பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

வனஸ்பதி விஷயத்தில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. வேண்டாம். போர்டில் நெய் மைசூர்பா என்று எழுதிவிட்டு வனஸ்பதி கலந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது தவறான பெயரில் விற்பது. அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகும். கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்ததே, நெய்யில் கலந்தால் ஆய்வுக்கூடத்தில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் நான் வேண்டாம் என்பது அபராதத்துக்குப் பயந்து இல்லை. உங்கள் கடைக்கு இன்னமும் வருகிறவர்கள் 75 ரூபாய் பாக்கெட்டைத் தாண்டி நடந்து வருகிறவர்கள். அவர்கள் வாயில் போட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், சண்டை போட மாட்டார்கள், மறுபடி வர மாட்டார்கள்.

அடுத்தது உங்கள் ஷோகேஸ். எத்தனை வகை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நான் போய்ப் பார்த்த கடைகளில் ஐம்பது, அறுபது வகைக்குக் குறைந்து பார்த்ததில்லை. கண்ணாடி நிறைந்திருந்தால்தான் கடை மாதிரி இருக்கும் என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் மூன்று நிறத்தில் பர்பி, நாலு வடிவத்தில் முந்திரி ஸ்வீட் என்று அடுக்கியதில் பாதி நான்காம் நாளும் அங்கேயேதான் இருக்கும். வகையில் சூப்பர் மார்க்கெட்டை யாராலும் ஜெயிக்க முடியாது. அவர்களிடம் ஷெல்ஃப் நீளம் அப்படி.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முப்பது நாள், ஒரு நாள் விடாமல், ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று எண் எழுதுங்கள்: எத்தனை கிலோ இறங்கியது, எத்தனை விற்றது, எத்தனை மீந்தது. தீபாவளி மாதத்தில் இதைச் செய்யாதீர்கள், அந்த மாதத்தில் எல்லாச் சரக்கும் ஓடும், கணக்குப் பொய் சொல்லும். ஒரு சாதாரண மாதத்தில் செய்யுங்கள். நான் வேலை பார்த்த ஒரு கடையில் இதைச் செய்தபோது வரவில் பாதிக்கு மேல் பன்னிரண்டு சரக்கிலிருந்து வந்தது தெரிந்தது. மற்றவை எல்லாம் தட்டை அடைத்துக்கொண்டு, மாஸ்டர் நேரத்தைத் தின்றுகொண்டு இருந்தன. அவர்கள் இருபதோடு நிறுத்தினார்கள். முதல் வாரம் கடைக்காரருக்குக் கண்ணாடியைப் பார்க்கவே மனசு ஒப்பவில்லை. அந்த மனசு உங்களுக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீந்ததை என்ன செய்கிறீர்கள்? இதையும் நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டாக வேண்டும். பழைய லட்டை உதிர்த்துப் புதுப் பூந்தியோடு சேர்ப்பது, நேற்றைய ஜாங்கிரியைச் சூடான பாகில் இன்னொரு தரம் முக்கி எடுப்பது, இதெல்லாம் பல கடைகளில் நடக்கிறது. உங்கள் கடையில் நடந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பாதி விலைக்குக் கொடுங்கள், இல்லை கடைப் பையன்களுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்போது கருப்பட்டி மிட்டாய். மறுநாள் நிற்காது என்பதால் நிறுத்திவிட்டோம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சின்னப் பையனாகக் கோயில் கொடைக்குப் போனால் என் கால் நேரே அந்த அடுப்புப் பக்கம்தான் போகும். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை ஓட்டை போட்ட துணியில் கட்டிக்கொண்டு, காய்ந்த எண்ணெய்க்கு மேலே அந்த மனிதர் கையை வளைத்து வளைத்துப் பிழிவார். மாவு சங்கிலி சங்கிலியாக விழுந்து உப்பி மிதக்கும். ஜல்லிக் கரண்டியால் அரித்து, எண்ணெய் சொட்டுவதற்குள், பக்கத்தில் சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிப் பாகில் அமுக்குவார். ஒரு கொதி மாதிரிச் சத்தம் வரும். எடுத்துப் பனையோலையில் வைத்துத் தருவார். மேலே மொறுமொறு, கடித்தால் உள்ளே இருக்கிற பாகு நாக்கில் இறங்கும், தாடை வழியாக வழியவும் செய்யும். மறுநாள் அதே மிட்டாய் தொய்ந்து, ஊறி, ஆளே மாறியிருக்கும். அந்த மிட்டாயின் ஆயுள் மூன்று நான்கு மணி நேரம்தான். இந்தியாவின் எந்தச் சூப்பர் மார்க்கெட்டும் அதைப் பாக்கெட்டில் போட்டு விற்க முடியாது. அதையா தம்பி நிறுத்தினீர்கள்?

மறுபடி தொடங்குங்கள். ஆனால் நாள் முழுக்கப் போடாதீர்கள். தினமும் மாலை நாலரை மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும், ஐந்து மணிக்கு முதல் ஈடு இறங்க வேண்டும், ஏழரைக்கு முடிந்துவிட வேண்டும். அடுப்பைக் கடைக்கு உள்ளே மறைக்காமல் வாசலில் தெரிகிற இடத்தில் போடுங்கள். இவ்வளவு மாவுதான் என்று அளவு வையுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கிற இருட்டுக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் சில மணி நேரம்தான் திறக்கிறார்கள், அல்வாவை நம்பியே கடை நடக்கிறது, கூட்டம் நிற்கிறது. ஜனங்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். நேரம் வைத்துச் சுடச்சுடத் தருகிற கடைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை வரும், பஸ் இறங்குகிற ஆள் வருவார். முதல் ஈடு இறங்கியதும் போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள், விளம்பரத்துக்கு அது போதும்.

கருப்பட்டியில் மட்டும் கவனம் வேண்டும். சீனிப் பாகு கலந்த கருப்பட்டிதான் இன்று சந்தையில் அதிகம். பதநீர் இறங்குகிற மாதங்களில் நேரடியாகக் காய்ச்சுகிறவரிடம் போய், ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கி வையுங்கள். உடன்குடிப் பக்கம் உங்களுக்குத் தூரம் இருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பனையோலையில் கொடுங்கள். அச்சடித்த செய்தித்தாளில் உணவைப் பொதிந்து கொடுப்பதற்குத் தடை இருப்பதும் தெரிந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தந்த ஊர்ப் பேரைச் சொன்னால் ஒரு பண்டம் நாக்கில் வருகிறது. ஒரு ஊருக்கே அது போதுமானதாக இருக்கிறபோது ஒரு கடைக்கு ஒன்று போதாதா? உங்கள் ஊரில் யாராவது உங்கள் கடைப் பேரைச் சொன்னால் அடுத்த சொல்லாகக் கருப்பட்டி மிட்டாய் வர வேண்டும். அதற்கு வருகிறவர் கால் கிலோ மைசூர்பாவும் கட்டிக்கொண்டு போவார்.

தட்டுகளில் தேதி எழுதியிருக்கிறீர்களா? 2020 அக்டோபர் 1 முதல் சில்லறையாக விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டில் எழுதிவைப்பது கட்டாயம். நிறையப் பேர் இதை அதிகாரி வருகிற அன்று எழுதுகிறார்கள். நீங்கள் இதையே உங்கள் போர்டாக ஆக்குங்கள். செய்த தேதியை எழுதுவது விருப்பம் என்றுதான் விதி சொல்கிறது. நீங்கள் செய்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சிறிய கரும்பலகையில் சாக்பீஸால், பால்கோவா, இன்று காலை 11 மணி, நாளைக்குள் சாப்பிடவும், என்று. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் மூன்று மாதம் கழித்து ஒரு தேதி இருக்கும். உங்கள் தட்டில் இன்றைய தேதி இருக்கும். பார்க்கிறவருக்கு நீங்கள் ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

தராசையும் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போடுகிற பழக்கம் உங்கள் கடையில் உண்டா? ஒரு பெட்டி 60, 70 கிராம் இருக்கும். கிலோ 680 என்றால் நாற்பது ரூபாய்க்கு மேல் அட்டைக்கு வாங்குகிறீர்கள். எடையளவுச் சட்டப்படியும் அது தவறு. பாக்கெட்டில் நிகர எடை பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இது இப்போது உறுத்துகிறது. வெறும் பெட்டியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, பிறகு இனிப்பை அடுக்குங்கள், அதை வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரி செய்யுங்கள். அதோடு நாலு துண்டு, ஆறு துண்டு என்று சின்னப் பெட்டிகளும் வையுங்கள். சர்க்கரைக்குப் பயந்து வீட்டில் இப்போது யாரும் அரைக்கிலோ வாங்குவதில்லை.

அண்ணன் சொல்கிற யோசனைக்கு வருகிறேன். அவர் கெட்டிக்காரர்தான், சும்மா இருக்கக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் மருந்து போட்டு ஆயுளை நீட்டிப் பாக்கெட்டில் அடைத்தால், நீங்கள் அந்த ஷெல்ஃபில் நூறு பாக்கெட்டில் நூற்றியோராவது பாக்கெட். உங்களிடம் இருந்த ஒரே பலத்தையும் மெஷின் கடனுக்கு அடகு வைத்த மாதிரி ஆகிவிடும்.

அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். பணம் 45 நாள், 60 நாள் கழித்து வரும். விற்காதது உங்கள் கணக்கில் திரும்பி வரும். ஆஃபர் போட்டால் அந்தத் தள்ளுபடியில் உங்களுக்கும் பங்கு உண்டு. நல்ல இடத்தில் வைக்கத் தனிப் பணம் கேட்பார்கள். ஒரு பெரியவர் எங்களுக்குக் காராச்சேவு சப்ளை செய்தார். கையால் தேய்த்து விட்ட சேவு, அப்படியொரு ருசி. மூன்று மாதம் கழித்து, சிக்கு வாடை வருகிறது என்று நாற்பது பெட்டி திருப்பி அனுப்பினோம். அவருக்கு வர வேண்டிய பணத்தில் அதைக் கழித்த நோட்டில் கையெழுத்துப் போட்டது நான். அவர் அலுவலகத்துக்கு வந்து ஒரு சேவை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். வாடை இருப்பது உண்மை என்று அவரும் ஒப்புக்கொண்டார். "என் கடையில் இது ஒரு வாரம் இருந்ததில்லையே சார்" என்று மட்டும் சொன்னார். அவர் அடுத்த வருடம் அடுப்பை அணைத்துவிட்டார். அந்த நோட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை என்றால், இனிப்பை விட்டுவிட்டுக் கார வகையில் ஒன்றிரண்டை மட்டும், உங்கள் ஊர் மளிகைக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் வாராவாரம் போடச் சொல்லுங்கள். வாரம் போட்டு வாரம் காசு. பாக்கெட்டில் உணவு உரிம எண், சேர்மானம், நிகர எடை, எம்.ஆர்.பி., தேதி, பச்சைப் புள்ளி எல்லாம் முறையாக இருக்க வேண்டும். எப்போதாவது பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் சப்ளை செய்யும் நிலை வந்தால், அதற்கு முன்னால் உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பதிவு இருந்தால்தான் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

உங்கள் மாஸ்டர் விஷயம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடக் கவலை தருகிறது. 62 வயது. அவர் விரலுக்கு நடுவே பாகைத் தொட்டு இழுத்துப் பார்க்கிற பதம் எந்த நோட்டிலும் இல்லை. அவருக்கு ஒன்று என்றால் மறுநாள் உங்கள் கடை வெறும் கண்ணாடிப் பெட்டி. நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அவர் கம்பிப் பதம் என்று சொல்கிற நேரத்தில் பாகில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 105 டிகிரி பக்கம் காட்டும். உருட்டுப் பதம் 112-க்கு மேலே காட்டும். அவரை மிஞ்சுவதற்கு இல்லை, கற்றுக்கொள்கிறவனுக்குக் கைப்பிடி வேண்டுமே என்பதற்காக. இதை அவரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் அளவெடுத்தால் மனசு விட்டுப்போகும். ஒரு ஆளைக் கூட வைத்துக் கற்றுக்கொடுத்தால் சம்பளத்துக்கு மேல் இவ்வளவு, அந்த ஆள் தனியாக மைசூர்பா இறக்குகிற அன்று இவ்வளவு என்று பேசுங்கள். உங்கள் தாத்தா காலத்துக் கருப்பட்டி மிட்டாயைப் பிழிந்த கை யாருடையது என்றும் விசாரியுங்கள். அவர்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கோ மருமகளுக்கோ அந்தக் கை இருக்கும்.

அப்பா எதையும் மாற்றக் கூடாது என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நெய்யைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி, அவர் பக்கம்தான் நானும். நேரம், தேதி, கணக்கு இவற்றை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அவர் கல்லாவில் இருக்க வேண்டும். சீர் பலகாரம், வளைகாப்பு, காதுகுத்து, புதுவீடு என்று வருகிறவர்கள் அப்பாவைப் பார்த்துத்தான் பேசுவார்கள். 101 லட்டு, இந்த அளவில், முகூர்த்தத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் மண்டபத்துக்கு வர வேண்டும் என்ற ஆர்டரைச் சூப்பர் மார்க்கெட்டில் யாரிடம் சொல்வார்கள்? மண்டப மேனேஜர்களையும் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்களையும் அப்பாவே போய்ப் பார்க்கட்டும். ஆர்டருக்கு மீதியும் கிடையாது, பாதிப் பணம் முன்னாலேயே வந்துவிடும். தீபாவளிச் சீட்டு மட்டும் நடத்த வேண்டாம். ஊரார் பணத்தை மாதாமாதம் வாங்கிப் புழங்குவது உங்கள் தொழில் இல்லை.

கடைசியாக அந்த வாடகைக் கேள்வி. இதை நான் உங்களுக்கு வெட்கப்பட வேண்டிய கேள்வியாக நினைக்கவில்லை. சொந்தக் கட்டடம் என்பதால் நீங்கள் வாடகையைக் கணக்கில் எழுதுவதே இல்லை என்று நினைக்கிறேன். இனி எழுதுங்கள். செல்போன் கடைக்காரர் தருவதாகச் சொன்ன தொகையைக் கடைக்குச் செலவாக எழுதுங்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் வெளியே வேலைக்குப் போனால் கிடைக்கிற சம்பளத்தையும் எழுதுங்கள். முதல் மாத நோட்டு முடிந்து, சரக்கைக் குறைத்து, மாலை அடுப்பைத் தொடங்கி, ஒரு தீபாவளியையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதம் ஓடட்டும். இதையெல்லாம் கழித்த பிறகும் ஏதாவது நின்றால் அந்தக் கடை உங்களுக்குச் சோறு போடுகிறது என்று அர்த்தம், கட்டடத்தைக் கொடுக்காதீர்கள். நிற்காவிட்டால் முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, ஓரமாக எட்டடி அகலத்தில் மாலைக் கடை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கருப்பட்டி மிட்டாய்க்கு அதற்கு மேல் இடம் தேவையில்லை. ஒரு வருடம் கழித்து எந்தப் பக்கம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்த நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள், நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன்.